சோறு முதலில், கிளாஸ் பிறகு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டிறுதி விருந்துக்கு ஒயின் வாங்கப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தீபாவளி முடிந்து முறுக்கு டின்கள் பாதி காலியாகிவிட்டன. பிற்பகலானால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அடுத்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். நமக்குப் பனிக்காலம் கிடையாது. ஆண்டிறுதி மழைதான் நம்முடைய குளிர். அந்த மழையில் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலும் கிள்ளான் தரைவீட்டிலும் அடுப்பில் கொதிப்பது ஆட்டுக்கறிப் பிரட்டலும் மீன் தலைக் கறியும் ரசமும். சில ஆண்டுகளாக அந்த மேசைக்கு ஒயின் போத்தலும் வந்து சேர்ந்திருக்கிறது. "அக்கா, எதை வாங்கலாம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நம் நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பர் 1 முதல் 21. அந்த வயதை எட்டாத பிள்ளைகளுக்கு இந்த மடல் இல்லை.

போத்தலுக்காகக் கறியை மாற்றாதீர்கள். கறியைப் பார்த்துப் போத்தலை வாங்குங்கள். சோறு இல்லாத இடத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஐரோப்பியக் குளிர்காலத்திலிருந்து வருவது. வெளியே உறைபனி, உள்ளே கணப்பு, மேசையில் பல மணி நேரம் வெந்த மாட்டிறைச்சி. அந்தச் சாப்பாட்டில் மிளகாய் இல்லை, புளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. அதற்குக் கனமான சிவப்பு ஒயின் நன்றாகவே பொருந்தும். அதே அறிவுரையை நம்பி 14, 15 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயினை மிளகாய் அரைத்துப் போட்ட பிரட்டலுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கெடும். கறி நெருப்பாகும், ஒயின் கசக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்துவதும் சூட்டை உணர்த்துவதும் ஒரே உணர்வாங்கிதான். டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். வழக்கமாக 42 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வாயின் சூடே அதைவிட அதிகம். ஆகவே ஆல்கஹால் ஏற ஏறக் காரமும் ஏறும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு வேறு சேர்ந்துகொண்டால், வாய் வறண்டு சொரசொரப்பாகிவிடும். காரக் கறிக்கு ஒயின் வாங்கும்போது லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது ஊரின் பெயரையல்ல, விழுக்காட்டை. 12-க்குக் கீழே இருந்தால் நல்லது. 8, 9 விழுக்காட்டிலேயே அருமையான ஒயின்கள் இருக்கின்றன.

சூட்டைப் பற்றி இன்னொன்று. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அறை 16, 18 டிகிரியில் இருக்கும் பழைய கல்வீட்டு அறை. நம் வீட்டுக் கூடம் மழை நாளிலும் 27, 28-க்குக் கீழே இறங்குவது அரிது; அடுப்படியைச் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினின் பழ வாசம் மங்கி ஆல்கஹால் நெடி மட்டும் மேலே நிற்கும். ஊற்றுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஏதோ தப்புச் செய்வதுபோல் கூச்சப்பட வேண்டாம். நம் தட்பவெப்பத்தில் அதுதான் சரி.

இனி நம் அடுப்புக்கு வருவோம்.

ஆட்டுக்கறியில் இரண்டு வழி இருக்கிறது. காய்ந்த மிளகாயும் சோம்பும் அன்னாசிப்பூவும் மணக்கும் சிவந்த பிரட்டல் ஒன்று. மிளகையே நம்பிச் செய்யும் வறுவல் மற்றொன்று. சிவந்த பிரட்டலுக்குத் துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை தூக்கலான சிவப்பு வேண்டும். பிரான்சின் போஜொலே பகுதியில் கமே திராட்சையில் செய்வது அதற்கு நன்றாகப் போகும். ஐஸ்பெட்டியில் குளிர்ந்திருந்தால் இன்னும் நன்று. மிளகு வறுவலுக்குத்தான் ஷிராஸ். இது என் கற்பனையல்ல. கருமிளகின் வாசத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸ் ஒயினின் மிளகு வாசத்துக்கும் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குளிர்ந்த பகுதிகளில் விளைந்த ஷிராஸில் அந்த வாசம் கூடுதலாக இருக்கும். அம்மியில் நுணுக்கிய மிளகும் அந்த ஒயினும் வாயில் சந்திக்கும்போது, வெவ்வேறு ஊரில் வளர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள் கண்டுகொண்டது போல இருக்கும். அந்த வறுவலில் மட்டும் மிளகாயைக் கை கூட்டிப் போட்டுவிடாதீர்கள்.

மீன் தலைக் கறி இன்னும் நுட்பமானது. புளியின் புளிப்புக்குப் பெரும்பகுதி காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையின் முதன்மை அமிலமும் அதுவே. ஆகவே புளிக்குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று நிற்கும். குழம்புக்கு ஈடாகப் புளிப்பு உள்ளதுதான் தாங்கும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் 'கபினெட்' என்று போட்டது கிடைத்தால் வாங்குங்கள். புளிப்பு இருக்கும், அதோடு கொஞ்சம் இனிப்பும் இருக்கும், ஆல்கஹால் குறைவு. புளி, காரம், வெண்டைக்காயின் வழுவழுப்பு, மீன் கொழுப்பு எல்லாவற்றுக்கும் நடுவே அது சுத்தமாக நிற்கிறது. நம் வீட்டுக் கறிகளுக்கு ஒரே ஒரு போத்தல்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மீனுக்குச் சிவப்பு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒயினில் உள்ள இரும்புச் சத்து கடல் உணவோடு சேரும்போது கவிச்சி நெடி கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். பூலாவ் கெத்தாம் நண்டை வாங்கி வந்து மிளகுத் தூளோடு பிரட்டும் நாளில் சிவப்புப் போத்தலை ஓரமாக வைத்துவிடுங்கள். நண்டுக்கு இளஞ்சிவப்பு ரோஸே பிடிக்கும், குமிழி விடும் ஒயினும் பிடிக்கும்.

குமிழி ஒயின் என்றதும் விலை உயர்ந்த ஷாம்பெயினை நினைக்க வேண்டாம். ஸ்பெயினின் காவா, இத்தாலியின் புரொசெக்கோ போதும். உளுந்து வடை, மெதுவாகப் பொரிந்த நெத்திலி, மிச்சம் இருக்கும் முறுக்கு ஆகியவற்றின் எண்ணெய்ப் பிசுக்கைக் குமிழியும் புளிப்பும் துடைத்துவிடும். விருந்து தொடங்கும் முன் ஆளுக்கு அரைக் கிளாஸ் இதுவே நல்லது, வடை கையில் இருந்தால்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் யாழ்ப்பாண வழி வந்த ரயில்வே குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அந்த வீடுகளின் இடியப்பம், சொதி எனக்கு உயிர். தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் மஞ்சளுமாக மென்மையான சாப்பாடு அது. அதன்மேல் எதை ஊற்றினாலும் அமுங்கிப் போகும். ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் மட்டும் பக்குவமாக அதனருகில் உட்கார்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் காலையில் அப்பமும் கோழி ஸ்டூவும் வைக்கும் மலையாள வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன், காலையில் அல்ல, பகல் சாப்பாட்டில்.

ரசத்தோடு எதுவும் வேண்டாம். சூடாக, தனியாக, டம்ளரில் குடியுங்கள். பாயசத்தோடு குடிப்பதானால் ஒயின் பாயசத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புளித்த தண்ணீர் போலத் தோன்றும். மஸ்கட் திராட்சையின் இனிப்பு ஒயின் கிடைக்கும். அதில் ஏதோ தெரிந்த வாசம் வருகிறதே என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் மஸ்கட் வகைதான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தது என்று அங்கே சொல்கிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திராட்சை மது வெள்ளைக்காரன் பழக்கம் என்று தாத்தாமார் யாராவது கடிந்துகொண்டால், புறநானூற்றின் 56-ஆம் பாட்டை எடுத்துக் காட்டுங்கள். யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் கொடுப்பதை நக்கீரர் அதில் பாடுகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் உடைந்த துண்டுகளாக வெளிவந்தன. ஆனால் அது அரசன் குடித்தது. தோட்டத்தில் நம் ஆட்கள் குடித்தது வேறு கதை. போத்தலைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. கூலி கொடுப்பவனும் அவன், கள் விற்பவனும் அவன். கடை இலாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவழிப்பதாகக் கணக்கும் காட்டினார்கள். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்று, பால் வெட்டி, பால் எடுத்து, வெயிலில் காய்ந்து வந்த மனிதன் வெறும் வயிற்றோடு நேராகப் போய் நின்ற இடம் அந்தக் கடை. மரத்திலிருந்து இறக்கிய கள்ளில் ஆல்கஹால் அதிகமில்லை. நேரம் போகப் போகப் புளித்து ஏறும். கெடுதல் கள்ளில் மட்டும் இருக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பே, வீட்டுக்கு வெளியே, பெண்களும் பிள்ளைகளும் இல்லாத இடத்தில் கூலிக் காசு கரைந்ததில் இருந்தது. லயத்தில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

இதை எதிர்த்து நின்றவர்கள் நம்மவர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், பெண்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிகளுக்கு மருத்துவமும் வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள், படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள்.

பிறகு சாம்சு என்ற சாராயம் வந்தது. மலிவு, கடும் போதை. இன்றைக்கும் அது போய்விடவில்லை. 2018 செப்டம்பரில் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள், ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் வந்ததுபோல.

ஆகவே, போத்தலோடு நீங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது அம்மாவின் முகம் சுருங்கினால், பழைய காலத்து மனுஷி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய அப்பா எந்த நிலையில் வீட்டுக்கு வந்தார் என்பது அந்த முகத்தில் இருக்கலாம். போத்தலை ஒளித்து வைக்கவும் வேண்டாம். காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் மட்டும் வாசலில் நின்று குடிக்கும் பழக்கமும் வேண்டாம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. கள்ளுக்கடை சக்கரம் வைத்து வாசலுக்கு வந்ததாகவே எனக்குப் படும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது அவர் வீடு. சரி என்றால் அவரை மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வையுங்கள். சமைத்தவர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதைத் தின்னும் விருந்தில் எந்த நாட்டு ஒயினும் எனக்கு இனிக்காது. அவர் குடிக்க வேண்டியதில்லை. முகர்ந்து பார்த்துச் சொல்லட்டும். ஐம்பது ஆண்டு சோம்பையும் பட்டையையும் மூக்காலேயே அளந்தவர் அவர். எந்தப் போத்தல் எந்தக் கறிக்குச் சேரும் என்று நம் எல்லாரையும்விடச் சரியாகச் சொல்வார்.

சுவைத்துப் பார்ப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளை, ரோஸே, சிவப்பு என்று மூன்று போத்தல் போதும். ஒரு போத்தலில் 750 மில்லிலிட்டர். ஆளுக்கு 50 மில்லிலிட்டராக ஊற்றினால் 15 கிளாஸ் வரும். மூன்றையும் சுவைத்தாலும் ஒருவர் வயிற்றுக்குள் போவது 150 மில்லிலிட்டர்தான். முதலில் ஒரு கவளம் வெறும் சோறு. பிறகு ஒயினைத் தனியாக ஒரு வாய். அடுத்து கறியோடு ஒரு கவளம், உடனே அதே ஒயின். என்ன மாறுகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புளிப்பு அடங்கியதா, காரம் கூடியதா, மீனின் இனிப்பு தெரிந்ததா, துவர்க்கிறதா? கடைக்காரர் லேபிளில் எழுதிய செர்ரியையும் பிளாக்பெர்ரியையும் தேட வேண்டாம். நாவல்பழமோ புளித்த மாங்காயோ கொடுக்காப்புளியோ உங்களுக்குத் தெரிந்த எதன் வாசம் வந்தாலும் அதைச் சொல்லுங்கள். வரி கட்டி வரி கட்டி நம் நாட்டில் ஒயின் விலை ஏறியே கிடக்கிறது. அதனால் நாலு வீட்டார் பங்கு போட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மிச்சமானதை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் அடுத்த நாளும் தாங்கும். ஒரே இரவில் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வேறு சிலவற்றையும் நினைவில் வையுங்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடம்புக்கு நல்லது என்று யாரும் யாருக்கும் ஊற்ற வேண்டாம். ருசிக்காகக் கொஞ்சம், அவ்வளவே. இந்தப் பருவத்தில்தான் பலர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலைக் காவடி விரதத்தையும் தொடங்கியிருப்பார்கள். விரத வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். முஸ்லிம் அண்டை வீட்டாரையும் வேலையிடத்து நண்பர்களையும் அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு நாளில் போத்தல் மேசைக்கு வரக் கூடாது. அது வேறொரு நாளுக்கு, நெருங்கிய சிலருக்கு. குடிக்காதவர்களுக்கு வெறும் தண்ணீரை நீட்டாமல், சுக்கு மல்லிக் காப்பியோ உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோரோ அதே அக்கறையோடு செய்து வையுங்கள். உண்மையைச் சொன்னால் காரப் பிரட்டலுக்கு மோரைப்போல ஒத்துப்போவது வேறெதுவுமில்லை. பாலிலுள்ள புரதம் மிளகாய்க் காரத்தைப் பிடித்துக் கழுவிவிடும். குடித்தவர் வண்டியைத் தொடக் கூடாது. 2020 அக்டோபரிலிருந்து சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான்; தண்டனையும் கடுமை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட்கள் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் நேரே கிள்ளானில் இறங்கலாம். கடைசி ரயில் எப்போது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்குள் சாப்பாடு முடியாது என்றால் பகல் விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு கறிக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. விருந்து முடிந்த மறுநாள், மிஞ்சிய ஆட்டுக்கறி, கோழி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வற்றக் காய்ச்சும் சுண்டக்கறி. புளிப்பு, காரம், கொழுப்பு, அடிப்பிடித்த லேசான கசப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ரீஸ்லிங் அதற்குப் போதவில்லை, கமே பரவாயில்லை, ஷிராஸ் தோற்றுப்போகிறது. கொஞ்சம் பழுத்து வயதான கிரெனாஷ் சிவப்பு ஒயின் ஒன்றை இந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது ஒத்துப்போனது என்று, போத்தலின் பெயரையும் கறியில் என்னென்ன விழுந்தது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா